வெறுங்கால் லெஃப்ட் அவுட்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் என் கணவரோடு பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் குறைவு. அவற்றில் பெரியது ஒரு பந்தாட்டக்காரருக்காக நடந்தது. இப்போது சொன்னால் என் மருமகள்கள் சிரிக்கிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். அரிமளத்திலிருந்து நான் புதுக்கோட்டைக்கு வாழ வந்தேன். கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஊர்ப் பந்தாட்ட அணிக்கு அவர்தான் கேப்டன். ஒரு காலத்தில் அரண்மனை ஆதரவில் இருந்த அணி அது. அரண்மனை கை விரித்த பிறகு வக்கீல்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு கமிட்டி வைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் மாடிப் பகுதியில். நான், அவர், மாமியார், மூன்று பேர். மேலே மொட்டை மாடிக்குப் போனால் பின்பக்கம் மைதானம் முழுதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற வேப்பமரம் மட்டும் ஒரு மூலையைக் கொஞ்சம் மறைக்கும்.

வந்த புதிதில் வடகம் காயப்போடத்தான் மேலே போவேன். சாயங்காலம் எடுக்கப் போகும்போது கீழே புழுதி பறக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். எதற்காக இவ்வளவு பேர் ஒரு பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சமையலறைக்குப் போய் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்து வந்து தரையில் பரப்பி வைத்தார். "இது கோலி, கோலைக் காக்கிறவன். இது ரெண்டும் பேக், பின்னால நிக்கிறவங்க. இது நான், சென்டர் ஹாஃப். இவன் லெஃப்ட் அவுட், ஓரமாவே ஓடுறவன்" என்றார். சாப்பிட்ட இலையைக்கூட எடுக்க விடாமல் அரைமணி நேரம் கொட்டைகளை நகர்த்தினார். மாமியார், "பொண்டாட்டிகிட்ட பேச வேற விசயமே இல்லையாடா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. வேலையை முன்னதாக முடித்துவிட்டுச் சாயங்காலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யார் எங்கே நிற்க வேண்டும், யார் நிற்கவில்லை என்பது தெரிந்தது. என் கணவர் நல்ல ஆட்டக்காரர். திடமாக நிற்பார், அவரைத் தாண்டிப் போவது கஷ்டம். ஆனால் என் கண் அவர்மேல் நிற்காது. இடது ஓரத்துக்குப் போய்விடும்.

இடது ஓரத்தில் ஆடியவர் ஒல்லியான மனிதர். அரிமளம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். பந்து அவர் காலுக்கு வந்தால் மைதானத்தைச் சுற்றி நிற்கிற கூட்டம் ஒரு கணம் பேச்சை நிறுத்தும். பந்தை உதைத்தார் என்று சொல்லவே எனக்கு மனசு வராது. கூடவே கூட்டிக்கொண்டு போவார். எதிரே வருகிறவன் இந்தப் பக்கம் சாய்ந்தால் பந்து அந்தப் பக்கம் போயிருக்கும். கோட்டோரத்தில் ஒரு முழம் இடம் இருந்தால் போதும், அதற்குள் புகுந்து போய் நடுவே நிற்கிறவனுக்கு அனுப்பிவிடுவார். அப்போது பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அவரும் அப்படித்தான். கணுக்காலில் ஒரு துணிப்பட்டி சுற்றியிருப்பார், அவ்வளவுதான்.

அணிக்குச் சட்டை தைத்துக் கொடுத்தது நான். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் இருந்தது. நீலத் துணி, வெள்ளைக் காலர். பதினோரு சட்டையிலும் அவருடையதுதான் சின்னது. வெளுத்து உலர்த்தும்போது கொடியில் அது ஒரு பள்ளிக்கூடப் பையனின் சட்டை மாதிரித் தொங்கும்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அதற்கப்புறம்தான் பூட்ஸ் வந்தது.

வெளியூர் அணிகள் ஒவ்வொன்றாகப் பூட்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒரு ஆட்டத்தில் எங்கள் அணியின் பேக் ஒருவருடைய கால்மேல் எதிரணிக்காரரின் பூட்ஸ் இறங்கிவிட்டது. மாடியிலிருந்து எனக்கு அந்த அலறல் கேட்டது. என் கணவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். அந்த மனிதருக்குக் கட்டைவிரல் போய்விட்டது. தச்சு வேலை பார்க்கிறவர், ஆறு மாசம் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே பூட்ஸ் இல்லாம ஒருத்தன் எறங்கக் கூடாது" என்று என் கணவர் முடிவு செய்தார். திருச்சியிலிருந்து பூட்ஸ் வந்தது. ஒவ்வொருவரும் போட்டுப் பழகினார்கள். முதல் வாரம் மேலேயிருந்து பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது, சகதியில் நடக்கிற வாத்துக் கூட்டம் மாதிரி. பிறகு பழகிவிட்டது. ஒருவரைத் தவிர.

லெஃப்ட் அவுட் போட்டுப் பார்த்தார். நான்கைந்து சாயங்காலம் நானும் பார்த்தேன். பந்து அவரைவிட்டு விலகி விலகி ஓடியது. நின்று குனிந்து காலைப் பார்ப்பார். மறுபடி ஓடுவார். ஒருநாள் கோட்டோரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

வருஷா வருஷம் தை கழிந்ததும் எங்கள் ஊரில் ஒரு பந்தயம் நடக்கும். சுற்று வட்டாரத்து அணிகளெல்லாம் வரும். அந்த வருஷம் பந்தயத்துக்குச் சில நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டின்போது என் கணவர், "லெஃப்ட் அவுட்டை எடுத்தாச்சு. பொன்மலைப் பக்கத்துல இருந்து ஒரு பையன் வர்றான். பூட்ஸ்ல நல்லா ஆடுறான்" என்றார்.

நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டேன்.

"எடுத்தாச்சுன்னா?"

"எடுத்தாச்சு. இந்த வருசம் இல்லை."

"அவர் இல்லாம நீங்க எப்படி கோல் போடுவீங்க?"

"கோல் போடுறது பதினோரு பேரும் சேர்ந்து போடுறது."

"போன வருசம் போட்ட கோல் எல்லாம் அவர் கால்ல இருந்து வந்தது. நான் மேல நின்னு பாத்தேன். நீங்க கீழ நின்னீங்க, ஒங்களுக்குத் தெரியலை."

"பூட்ஸ் போட மாட்டேங்கிறானே. நான் என்ன பண்ணச் சொல்றே?"

"வெறுங்காலோட ஆட விடுங்க."

"காலு போச்சுன்னா? நீ கஞ்சி ஊத்துவியா அவன் வீட்டுக்கு?"

பதில் தெரியாத கோபம் இரண்டு மடங்காக ஏறும். ரசச் சட்டியைக் கொண்டுபோய் அடுப்பங்கரையில் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். மொட்டை வெயில். மைதானத்தில் ஒரு மாடுகூட இல்லை. கால் சுட்டதால் கீழே இறங்கினேன். இறங்கியதும் மறுபடி மேலே போக வேண்டும் போலிருந்தது. அன்று மாலைக்குள் அந்தப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ தெரியாது. "என்னத்தா, வயித்து வலியா?" என்று மாமியார் கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் கணவர் அந்தச் சின்னச் சட்டையைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார். பொன்மலைப் பையன் நல்ல ஆகிருதி. துணி வேறு மிச்சமில்லை, அதே நீலம் கடையில் கிடைக்கவில்லை. தையலுக்கு உள்ளே நான் விட்டுவைத்திருந்த துணி கொஞ்சம் இருந்தது. "ரெண்டு பக்கமும் பிரிச்சுப் பெருசு பண்ணிக் குடு" என்றார்.

"மாட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை அதற்கு முன் நான் சொன்னதில்லை.

"அது அவருக்குத் தைச்சது. அவர் அளவுக்குத் தைச்சது. இன்னொருத்தருக்குப் பிரிக்க மாட்டேன்."

"அது அணியோட சட்டை."

"அப்ப அணியே தைச்சுக்கட்டும்."

அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு கீழராஜவீதியில் ஒரு தையல்கடைக்குப் போனார். அதுதான் வினையாயிற்று. தையல்காரர், "வீட்டுல மிஷின் இருக்கையில இங்கிட்டு வாறீங்களே?" என்று கேட்டிருக்கிறார். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. அவ தைக்க மாட்டேங்கிறா என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கும் சொல்லிவிட்டார். தையல்கடையில் சொன்னது சந்தைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? கேப்டன் பெண்டாட்டிக்கு லெஃப்ட் அவுட் மேல் என்ன அவ்வளவு அக்கறை என்று இரண்டு நாளில் ஊர் பேசியது.

தண்ணீர்க் குழாயடியில் கேட்டு வந்து மாமியார் என் முன்னால் குடத்தை டமாரென்று இறக்கினார்.

"ஊர்ல என்ன பேசுறாக தெரியுமா?"

"தெரியாது அத்தை."

"அந்தக் கண்டக்டருக்காக நீ சோறு தண்ணி எறங்காமக் கெடக்கியாம். சட்டையைப் பிரிக்க விடாம நெஞ்சோட வச்சுக்கிட்டியாம்."

நான் வாயைத் திறக்குமுன் உள்ளறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "அம்மா, அவ ஆட்டத்தைப் பாக்குறா. அவ்வளவுதான். ஊர்ல பாதிப் பேருக்கு இவ அளவுக்கு ஆட்டம் தெரியாது. நீங்க சும்மா இருங்க."

அவர் அப்படிச் சொன்னது என்னை அடக்கியிருக்க வேண்டும். இன்னும் கொதிக்கத்தான் வைத்தது. ஆட்டம் தெரிந்தவள் என்று உங்களுக்கே தெரிகிறது, பிறகு ஏன் நான் சொல்வதைக் கேட்கவில்லை? இதை அவரிடம் கேட்கவில்லை. ஒரு பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு, "அரிமளம் போயிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது யார் கண்டக்டராக இருக்கிற பஸ் என்பது உறைத்தது. இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஒவ்வொரு சீட்டாக டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்தார். இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன், ஆனால் எல்லாம் மாடியிலிருந்து. அம்மா வீட்டுக்குப் போனபோதெல்லாம் வேறு கண்டக்டர்தான் வாய்த்தார். அவருடைய முதுகும் காலும்தான் எனக்குத் தெரியும். முகத்தை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். அம்மைத் தழும்பு நிறைந்த முகம். நான் நினைத்திருந்ததைவிட வயது கூடத் தெரிந்தது. காதோரம் நரை. காலில் டயர் செருப்பு.

"அண்ணி, அரிமளமா?"

"ஆமா."

டிக்கெட்டைக் கொடுத்தார். நகர்ந்திருப்பார். பின் சீட்டில் இருந்தவர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். "அப்படியே விட்டுட்டீங்களா?"

"எதை அண்ணி?"

"ஒங்களை எடுத்துட்டாங்களே. ஒண்ணும் கேக்காம விட்டுட்டீங்களா?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். "பூட்ஸ் போட்டுப் பாத்தேன் அண்ணி. ரெண்டு காலும் பக்கத்து வீட்டுக்காரன் காலு மாதிரி இருக்கு. பந்து எங்க இருக்குன்னே தெரியலை. அண்ணன்கிட்ட சொன்னேன், என் காலு, போனா எனக்குத்தானே போகும்னு. அவரு கேக்கலை."

"கமிட்டிக்காரங்ககிட்ட போய்ச் சொல்ல வேண்டியதுதானே."

"போனேன். ஒரு வக்கீல் ஐயா சொன்னாரு, இனிமே வெறுங்காலோட ஆடுனா ஊருக்குக் கேவலமாம். காட்டான் மாதிரி இருக்காம்." இதைச் சொன்னபோது அவர் குரல் மாறிவிட்டது. "இத்தனை வருசம் கேவலமா இல்லை. கப்பு வாங்கிக் குடுத்தப்ப கேவலமா இல்லை."

"அப்ப இனி ஆட மாட்டீங்களா?"

"யாரு சொன்னா? கூப்பிடுறவங்க கூப்பிடுறாங்க. காரைக்குடி அணியில கேட்டாக. எப்படி வேணும்னாலும் வாங்கன்னு."

"நம்ம ஊருக்கு எதிராவா?"

"நம்ம ஊருன்னு நீங்க சொல்றீங்க அண்ணி. ஊரு சொல்லலியே." விசில் கொடுத்தார். யாரோ இறங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர் என் பக்கம் வரவில்லை.

அம்மா என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள். மாமியார் கொடுமையோ, மாப்பிள்ளை அடித்தாரோ என்று கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். காரணத்தைச் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள். "ஏண்டி, பந்து ஒதைக்கிற ஒருத்தனை ஒக்காத்தி வச்சதுக்கா புருசன்கிட்ட கோவிச்சுக்கிட்டு வந்தே?" ஆமாம் என்றேன். "நாளைக்கு யாராச்சும் கேட்டா மாவு அரைக்க வந்தாள்னு சொல்றேன். இதை வெளிய சொல்லாதே" என்றாள்.

அங்கேயும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படுத்தால் எழுந்து உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தால் நடக்கத் தோன்றியது. தெருவில் பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போனேன். ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும், எங்கள் அணி ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாது. தோற்றிருக்க வேண்டும் என்று நினைப்பேன். நினைத்த உடனே ஜெயித்திருக்க வேண்டும் என்று நினைப்பேன். கடைசியில் சந்தையிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: ஊர் அணியும் காரைக்குடி அணியும் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. பொன்மலைப் பையன் கோல் போட்டிருக்கிறான்.

ஆட்டத்தன்று காலை முதல் பஸ்ஸில் திரும்பினேன். வேறு கண்டக்டர். கணவர் வாசலில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் அவங்க பக்கம் ஆடுறார்" என்றேன். அத்தனை நாள் கழித்து நான் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவன் ஆடுறது அவன் இஷ்டம். என்கிட்ட ஆடுறவன் காலுக்குத்தான் நான் பொறுப்பு." துணியால் பூட்ஸைத் துடைத்தார். "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மேலே போகக் கூடாது என்று நினைத்திருந்தேன். மைதானத்தில் கூட்டம் சேரும் சத்தம் வந்ததும் கால் தானாகப் படியேறியது. திரும்பிப் பார்த்தால் மாமியாரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருகிறார். என்னை நம்பவில்லை. பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காரைக்குடியின் பச்சைச் சட்டையில் லெஃப்ட் அவுட் இறங்கினார். மைதானம் முழுக்க ஊளையிட்டது. "காட்டிக் குடுத்த பயலே" என்று கத்தியது நன்றாகக் கேட்டது. போன வருஷம் இதே ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு வீதி சுற்றினார்கள். இருபத்திரண்டு பேரில் அவர் ஒருவர்தான் வெறுங்கால்.

முதல் பாதியில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. பொன்மலைப் பையன்தான். நன்றாகவே ஆடினான், குறை சொல்ல முடியாது. என் சின்னச் சட்டை இரண்டு பக்கமும் பிரிக்கப்பட்டு, வேறு நூலில் தைக்கப்பட்டு அவன் முதுகில் இருந்தது. எனக்குக் கை தட்ட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பச்சைச் சட்டைப் பக்கம் பந்து வந்தது. அவர் ஓரமாகப் போனார். ஒருவர், இரண்டு பேர். பூட்ஸ்கள் அவர் காலைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தன, ஒன்றும் படவில்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தமே இல்லாமல் போயிற்று. ஊர்க் கூட்டத்திடம் சத்தமில்லை என்றால் எதிரணிக்குக் கோல்.

"போட்டுட்டார்!" என்று கத்திவிட்டேன். கீழே வேலியோரம் நின்றிருந்தவர்கள் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்கள். மாமியார் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

இரண்டாம் பாதியில் என் கணவர் தானே இடம் மாறி அவரை மறிக்க வந்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. கணவர் இரண்டு தடவை பந்தைப் பறித்தார். இரண்டு தடவையும் ஐயோ என்று இருந்தது. லெஃப்ட் அவுட் ஒரு தடவை ஏமாற்றிப் போனார். அப்போதும் ஐயோ என்று இருந்தது. மாமியார் இப்போது முக்காலியில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "விடாதடா, விடாதே" என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நடுவிலிருந்து ஒரு பந்து ஓரத்துக்கு உருண்டு வந்தது. இருவரும் அதை நோக்கி ஓடினார்கள். அவர் அந்தப் பக்கமிருந்து, என் கணவர் இந்தப் பக்கமிருந்து, ஏறக்குறைய ஒரே தூரம். என் கணவர் இந்த மாதிரிப் பந்துக்கு எப்படி இறங்குவார் என்பது எனக்கு மனப்பாடம். வலது காலை நீட்டித் தரையோடு சறுக்கிக்கொண்டு போவார். பந்தும் வரும், ஆளும் விழுவார். நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றும் இறங்கினார். கால் நீண்டது. வெறுங்கால் ஒன்று பந்துக்கு வந்தது. அந்த இடத்தில் என் கணவர் காலை மடக்கிக்கொண்டார்.

அவ்வளவுதான். பந்து போய்விட்டது. இவர் புழுதியில் உருண்டார். அவர் நடுவே நின்றவனுக்கு அனுப்பினார், அவன் உள்ளே தட்டினான். விசில் அடித்தபோது கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மண்ணை அள்ளி வீசினார்கள். பச்சைச் சட்டைக்காரர்மேல் இல்லை, என் கணவர்மேல்.

"வெலை போயிட்டான்யா கேப்டன்!"

"சட்டையைப் பிரிக்க மாட்டேன்னாளே, அவ சொன்னபடி விட்டுட்டான்!"

இது மேலே எனக்குக் கேட்டது. மாமியாருக்கும் கேட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "எறங்கு. அவனுக்குச் சுடுதண்ணி வை" என்றார்.

கணவர் பின் சந்து வழியாக வந்தார். தலைமயிரெல்லாம் மண். படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு விழுந்து அவிழவில்லை. நான் தண்ணீரை வைத்துவிட்டு எதிரே நின்றேன்.

"ஏன் காலை மடக்குனீங்க?"

"எங்க மடக்குனேன்?"

"நான் பாத்தேன்."

கயிற்றோடு கொஞ்ச நேரம் போராடினார். "வெறுங்காலு" என்றார். பிறகு, "வெரல் அஞ்சும் தெரிஞ்சுச்சு. இதுல எறக்குனா என்ன ஆகும்னு தெரியும். ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன்" என்றார். முடிச்சு அவிழ்ந்தது. "இதுக்குத்தான் சொன்னேன். அப்பவே சொன்னேன்."

"எல்லாரும் வெறுங்காலோடயே ஆடியிருந்தா இந்த வம்பு இல்லை."

"ஊரெல்லாம் போட்டுட்டானுக. நாம மட்டும் போடாம நின்னா நம்மாளு காலுதான் போகும்."

"அப்ப அவரை ஆட விட்டிருந்தா வேற எவனாவது மிதிச்சிருப்பான்னு பயந்தீங்க. சரி. ஆனா அவர் இன்னிக்கு ஆடினார்ல? ஒருத்தன் தொடலையே!"

"நான் மடக்கலைன்னா?"

என் கோபம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவர்மேல் வைக்க இடமில்லாமல் போய்விட்டது. முதுகில் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். தோள்பட்டையில் யாரோ எறிந்த கல் பட்டு வீங்கியிருந்தது. அவர் அதைச் சொல்லவேயில்லை.

அடுத்த வாரமே கமிட்டி கூடி அவரைக் கேப்டன் பொறுப்பிலிருந்து எடுத்தது. அணியிலும் இல்லை. அந்த வக்கீல்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். ஜனங்க மனசு சரியில்லை, கொஞ்ச நாள் ஒதுங்கியிருங்க என்றார். என் கணவர் தலையாட்டினார். நான் உள்ளே போய், பொன்மலைப் பையனுடையது போக மிச்சமிருந்த பத்துச் சட்டையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து வக்கீல் முன்னால் வைத்தேன். இன்னும் வெளுக்கவில்லை, வேர்வை நாற்றம் அடித்தது.

"இதையும் கொண்டுபோங்க. இனிமே தைக்கிறதும் இல்லை, வெளுக்கிறதும் இல்லை."

வக்கீல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை மாமியார் எட்டி நின்று பார்த்தார். "நல்லா வேணும்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வந்தார். பஸ் கண்டக்டர் காக்கிச் சட்டையோடு கீழ் வாசலில் நின்று, "அண்ணன் இருக்காகளா?" என்று கேட்டார். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. மாமியார்தான், "மேல வாப்பா" என்று கூப்பிட்டார்.

காபி கொடுத்தேன். சமாதானத்துக்கு வந்திருக்கிறார், மன்னிப்புக் கேட்பாரோ, நன்றி சொல்வாரோ என்று நினைத்தேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்து, "அன்னைக்கு ஏண்ணே காலை இழுத்தீங்க?" என்றார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"விடுப்பா."

"எப்படி விடுறது? காரைக்குடியில என்ன சொல்றாங்க தெரியுமா? கேப்டன் பாவம் பாத்து விட்டான், அதுல போட்ட கோலுன்னு சொல்றாங்க. நான் தாண்டியிருப்பேன்ணே. நீங்க எறங்கியிருந்தா நான் தாண்டியிருப்பேன்."

"தாண்டியிருக்க மாட்டே."

"தாண்டியிருப்பேன்."

"காலு நேரா வந்துச்சுடா. நான் பாத்தேன்ல?"

"கடைசி நிமிசத்துல எடுப்பேன்ணே. ஒங்களுக்குத் தெரியாதா? எத்தனை தடவை எடுத்திருக்கேன்!"

இரண்டு பேரும் குரலை உயர்த்த ஆரம்பித்தார்கள். கணவர் அலமாரியிலிருந்து பழைய பந்தை எடுத்தார். "வா கீழ" என்றார். "பூட்ஸைப் போட்டுக்கிட்டு வாங்க" என்றார் அவர். "போட மாட்டேன்." "பூட்ஸ் இல்லாம எறங்கி என்ன பிரயோசனம்? அப்ப நான் ஜெயிச்சாலும் நீங்க ஒத்துக்க மாட்டீங்க." "பூட்ஸைப் போட்டு ஒங்கூட எறங்க மாட்டேன்னா மாட்டேன்." படியிறங்கும்வரை இதே சண்டை. மைதானத்துக்குப் போனார்கள். நான் மேலேயிருந்து பார்த்தேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்களே தவிரப் பந்தைத் தரையில் வைக்கவேயில்லை. பேசிப் பேசி வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

கண்டக்டர் காரைக்குடி அணியில் இன்னும் இரண்டு வருஷம் ஆடினார். அதற்குள் பூட்ஸ் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை என்று பந்தயம் நடத்துகிறவர்கள் எல்லோருமே சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தை விட்டார். பஸ்ஸில் செக்கர் ஆனார். என் கணவரைக் கமிட்டி மறுபடி கூப்பிட்டது. அவர் போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். பையன்கள் எல்லோருக்கும் பூட்ஸ்தான்.

எங்களுக்குள் அந்த வழக்கு மட்டும் முடியவில்லை. பிள்ளைகள் பிறந்து, அறுபதுகளில் கொஞ்சம் வெளிச்சமான வேறு வீட்டுக்கு மாறி, மைதானம் கண்ணில் படாத இடத்துக்கு வந்த பிறகும் ஏதாவது பேச்சில் அது வந்துவிடும். லெஃப்ட் அவுட்டின் கால் பத்திரமாக இருந்ததா இல்லையா என்பார் கணவர். இருந்தது, அதை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி இறங்கினார் என்பேன் நான். எங்களில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் முழுசாகத் தெரியாது. ஆனால் அந்த அணியிலிருந்து அவரை எடுத்தது தப்பு. அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.